ஸ்கோப்பைத் திட்டாதீர்கள்

ஏர் ரைபிள் வாங்கிய தம்பிகள் வந்து சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஸ்கோப் சரியில்ல. நேத்து நடுவுல பட்டுச்சு, இன்னைக்கு ஓரத்துக்குப் போகுது." கழற்றிப் பார்த்தால், ஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட்தான் நகர்ந்திருக்கும்.

மவுன்ட்டின் இரண்டு வளையங்களுக்கும் இடையே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று 0.1 மி.மீ., ஒரு தாளின் தடிமன், பிசகினால் போதும்; 25 மீட்டரில் பெல்லட் 2.5 செ.மீ. தள்ளிப் படும். ஸ்பிரிங் ரைபிளில் இது எளிதில் நடக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னுக்குக் குலுங்கும். இந்த இரட்டை உதையில் மவுன்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு ஊரும். ரைபிளின் முதுகில் உள்ள துளைக்குள் இறங்கும் தடுப்பு ஊசி வைத்த மவுன்ட்டையே கேட்டு வாங்குங்கள். ஸ்கோப்புக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு மவுன்ட்டில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அடுத்தது சாய்வு. ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு 3 டிகிரி சாய்ந்திருந்தாலே, குறியை 10 செ.மீ. உயர்த்தும்போது அரை செ.மீ. பக்கவாட்டிலும் போய்விடும். கண்மட்டம் இதற்கு உதவாது. மாமல்லபுரத்தில் இருப்பவர்கள் இதற்குக் கருவி தேடி அலைய வேண்டாம். ஐந்து ரதம் பக்கம் ஏதாவது ஒரு சிற்பக்கூடத்தில் கேட்டால் தூக்குக்குண்டு தருவார்கள். சிலையின் நடுவே பிரம்மசூத்திரம் என்ற செங்குத்து நடுக்கோட்டைப் பிடித்து, அதிலிருந்தே ஒவ்வொரு அங்கத்துக்கும் அளவெடுப்பவர்கள் அவர்கள். ரைபிளில் பெல்லட் இல்லை என்று முதலில் பார்த்துவிட்டு, மணல் மூட்டைமேல் மட்டமாக வையுங்கள். எதிர்ச் சுவரில் நூலைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக்கோட்டை அதோடு ஒட்டிப் பிடியுங்கள். கடற்காற்றில் நூல் ஆடினால் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள், அடங்கிவிடும்.

நடுவே ஒரு சட்ட விஷயம்: 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அதற்காகக் கொக்கையும் புறாவையும் குறிவைக்கலாம் என்று அர்த்தமில்லை. வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்கள் இருக்கும் மாவட்டம் இது. அட்டையைத் தவிர எதையும் சுடாதீர்கள்.

ஸ்கோப்புக்குத் திரும்புவோம்: கடைசி வேலை திருகு முடுக்குவது. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் உருண்டு, பிடித்த நேர் கெட்டுவிடும். எதிரெதிர்த் திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் நூலைப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கும். பிறகு 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டு, அவை ஒரே இடத்தில் கூடியபின் ஸ்கோப்பின் குமிழைத் தொடுங்கள்.