‘வியூ’ என்ற ஒரு சொல்

ஆங்கிலத்தில் ‘வியூ’ என்பதற்குக் கருத்து, காட்சி, கண்ணுக்கு எட்டும் எல்லை எனப் பல பொருள்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் கொள்வது கடைசிப் பொருளை: இழிவுபடுத்தல் ‘பொதுமக்களின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நிகழ்ந்திருக்க வேண்டும். ‘பொது இடம்’ வேறு, இது வேறு. சுவரன் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சாலையிலிருந்து தெரியும் தனியார் வீட்டு வாசலும் இதில் அடங்கும். வீட்டுக்குள் என்றால் வெளியார் உடனிருக்க வேண்டும். உறவினரும் நண்பரும் மட்டும் போதாது. 2025 ஜனவரியில் திருச்சி மாவட்ட வழக்கொன்றை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. ஏச்சு அலுவலக அறைக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பின்னரே வந்தனர் என்பது காரணம்.

அப்படியெனில் வீட்டு வேலை செய்யும் பெண்ணை முதலாளி குடும்பத்தார் மட்டும் சூழ நின்று சாதி சொல்லி ஏசினால்? அவமானம் அவருடையது, சட்டமோ மூன்றாமவரின் கண்ணைத் தேடுகிறது. இப்பிரிவுகள் திருத்தப்படும்வரை, புகாரிலேயே கதவு திறந்திருந்ததா, அப்போது அங்கிருந்த வெளியார் யார் என்பதை எழுதச் செய்யுங்கள்.