கட்டுண்ட கையும் தற்காப்பும்

பிடிபட்ட திருடனை மின்கம்பத்தில் கட்டி அடித்துவிட்டு, அதற்குத் தற்காப்பு என்று பெயர் சூட்டுகிறோம். கைகள் கட்டுண்டவனிடமிருந்து நாம் எதைக் காத்துக்கொள்கிறோம்? இரவில் கன்னமிடுகையில் அடிபட்டு இறந்தவனுக்காக இரத்தப்பழி இல்லை, கதிரவன் எழுந்தபின் கொன்றால் உண்டு என்று விடுதலைப் பயண நூலே (22:2-3) வரையறுக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், இரவில் வீட்டை உடைத்துப் புகுபவனை, வேறு வழியில்லையெனில், கொல்லவும் இடமளிக்கிறது. ஆயினும் தேவைக்கு மிஞ்சிய தீங்கை அதன் 37ஆம் பிரிவு அவ்வுரிமைக்குள் சேர்க்கவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இட்ட எல்லையும் அதுவே.

பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சலை நாம் அறியாதவர் அல்லோம். முதல் அடி அச்சத்தில் விழுந்திருக்கலாம். கட்டியபின் காவல் நிலையத்துக்கு ஆளனுப்பாமல், மேலும் அடிக்கப் பக்கத்துத் தெருவிலிருந்து ஏன் ஆளழைத்தோம்?