குழாய் மேல் குற்றமில்லை, ஷெல் மேல்தான்

பைத்தானிலிருந்து லினக்ஸ் கட்டளையை ஓட்ட வேண்டுமா, ஒரே சரமாகக் கோத்து ஷெல்லிடம் கொடுத்துவிடுங்கள், திருநெல்வேலியில் ஓடும் சின்ன புரோகிராமை யார் வந்து ஹேக் செய்யப்போகிறார்கள் என்று நண்பர் எழுதியிருக்கிறார். படிக்கிற பிள்ளைகள் இதை நம்பி அப்படியே செய்வார்கள் என்பதால் சும்மா விட முடியாது.

ஹேக்கர் எதற்கு? அவர் காட்டிய உதாரணமே போதும். அணை நீர்மட்ட பிடிஎஃப்பை எழுத்தாக மாற்றி, குழாய் (பைப்) வழியே, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்கு அனுப்புகிற புரோகிராம் அது. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கத்தால் இணைந்த அணைகள். சேர்த்துச் சொல்வதும் உண்டு. யாரோ ஒருவர் கோப்புக்கு ‘பாபநாசம்&சேர்வலாறு’ என்று பெயர் வைக்கிறார். ஷெல் & குறிவரை ஒரு கட்டளை என்று பின்னணிக்குத் தள்ளிவிட்டு, ‘சேர்வலாறு’ என்ற புரோகிராமைத் தேடும். அப்படி ஒன்று இல்லை. ஆனால் குழாய்த்தொடரின் முடிவு எண் கடைசிக் கட்டளையுடையது. கடைசியில் நிற்கும் சார்ட் காலி உள்ளீட்டை வாங்கிக்கொண்டு, எல்லாம் சரி என்று பூஜ்யத்தைத் திருப்பும். 2023 டிசம்பர் 17, 18 போல தாமிரபரணி ஊருக்குள் ஏறுகிற இரவில், பிழை என்ற ஒரு சொல்கூட இல்லாத காலிப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் தீர்ந்தது என்கிறார். தீராது. அதற்குள்ளும் டாலர் குறியை ஷெல் விரித்துப் பார்க்கும். பெயரிலேயே ஒரு மேற்கோள் இருந்தால் அந்த வேலியும் போச்சு. 2016-இல் படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருளை உலுக்கிய இமேஜ்ட்ராஜிக் ஓட்டை இப்படித்தான் திறந்தது: வெளியிலிருந்து வந்த முகவரி, மேற்கோளை உடைத்துக்கொண்டு கட்டளையாக ஓடியது.

யூனிக்ஸ் முன்னோரே குழாயைத் தந்தார்கள் என்று அவர்களில் ஒருவரான மெக்கில்ராயைத் துணைக்கு இழுப்பது வரலாற்றுத் திரிபு. அவர் வற்புறுத்தியதும் 1973-இல் கென் தாம்சன் கர்னலில் சேர்த்ததும் குழாயை. அதற்கு நடுவில் ஷெல் தேவையே இல்லை. 2004 முதல் பைத்தானில் சப்பிராசஸ் தொகுதி இருக்கிறது. கட்டளையைப் பட்டியலாகக் கொடுத்தால் & வெறும் எழுத்துதான். ஒவ்வொரு கட்டளையையும் அதன் பாப்பன் (Popen) வழியே தொடங்கி, முதலாவதன் வெளியீட்டை இரண்டாவதன் உள்ளீட்டில் சேர்த்து, இரண்டின் முடிவு எண்ணையும் தனித்தனியே பார்க்கலாம். வெளியீட்டை வாங்க பாப்பனின் வெயிட் வேண்டாம், கம்யூனிகேட் வேண்டும்: லினக்ஸில் குழாய் வழக்கமாக 64 கிலோபைட்டில் நிரம்பும், படிக்க ஆளில்லாவிட்டால் எழுதுகிறவன் அங்கேயே நின்றுவிடுவான்.

நாலு வரி கூடுதல், அவ்வளவுதான். அதைச் சொல்லித்தராமல் வீண் வேலை என்று ஒதுக்கியதை நண்பர் திரும்பப் பெற வேண்டும்.