கையொப்பம் இடும் வலு இருக்கும்போதே

தந்தை நினைவிழந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதுதான், அவருடைய கையொப்பம் எத்தனை இடங்களில் தேவைப்படுகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது. வங்கி கேட்கிறது, வீட்டுக்கடன் நிறுவனம் கேட்கிறது, காப்புறுதி நிறுவனமும் கேட்கிறது. நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி வங்கிக்குச் சென்று அவருடைய கணக்கிலிருந்து மருந்துச் செலவுக்குப் பணம் எடுக்க முயன்றால், "உங்களுக்கு அதிகாரம் இல்லை" என்ற பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை.

1980களிலும் 1990களிலும் கனடாவில் வந்திறங்கிய ஈழத்தமிழ்த் தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டுக்கடன்கள் கட்டி முடிக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள் சுவர்களில் தொங்குகின்றன. அந்த வீடுகளின் அலுமாரிகளைத் திறந்தால் மரணசாசனமோ அற்றோர்ணித் தத்துவமோ அகப்படுவதுதான் அரிது. "இப்ப என்ன அவசரம்" என்பது ஒரு காரணம். "என்ரை பிள்ளையள் சண்டை பிடிக்காதுகள்" என்பது இன்னொரு காரணம். சாவைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. ஊரில் நாலு பரப்புக் காணிக்கும் கிணற்றுப் பங்குக்கும் வழிவாய்க்கால் உரித்துக்கும் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்த சமூகம் இது. அதே சமூகம் இங்கு தனது வாழ்நாள் உழைப்பை ஒரு தாளிலும் எழுதாமல் விட்டுச்செல்வது விந்தையானது.

ஒன்ராறியோவின் 1992 ஆம் ஆண்டு மாற்றுத் தீர்மானங்கள் சட்டம் இரண்டு வகையான அற்றோர்ணித் தத்துவங்களை வகுக்கிறது. ஒன்று பணம், வீடு முதலிய சொத்துக்களுக்கானது. அதை எழுதிக்கொடுப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மற்றையது மருத்துவம், உணவு, இருப்பிடம் போன்ற தற்பராமரிப்புக்கானது. அதற்கு 16 வயது போதும். இரண்டுக்கும் இரு சாட்சிகள் தேவை. எழுதிக்கொடுப்பவரின் துணைவரும் பிள்ளைகளும், நியமிக்கப்படுபவரும் அவருடைய துணைவரும் சாட்சியாகக் கையொப்பமிட முடியாது. "அற்றோர்ணி" என்ற சொல்லைக் கேட்டதும் சட்டத்தரணியை நியமிக்க வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகின்றனர். மகளோ, தம்பியோ, நம்பிக்கைக்குரிய நண்பரோ அப்பொறுப்பை ஏற்கலாம். படிவங்களை மாகாண அரசின் பொதுப் பாதுகாவலர் மற்றும் பொறுப்பாளர் அலுவலகம் இலவசமாகவே வழங்குகிறது.

தத்துவம் எழுதப்படாதபோது என்ன நடக்கும்? மருத்துவ விடயங்களில் ஓரளவு வழி உண்டு. 1996 ஆம் ஆண்டின் மருத்துவப் பராமரிப்புச் சம்மதச் சட்டம், துணைவர், பின்னர் பிள்ளைகள் அல்லது பெற்றோர், பின்னர் சகோதரர் என ஒரு வரிசையை வைத்துள்ளது. ஆனால் மூன்று பிள்ளைகளும் அவ்வரிசையில் ஒரே படியில்தான் நிற்கின்றனர். அவர்களுக்குள் இணக்கம் ஏற்படாவிட்டால் முடிவெடுக்கும் பொறுப்பு மேற்சொன்ன அரச அலுவலகத்திடம் சென்றுவிடும். சொத்து விடயத்தில் அத்தகைய வரிசைகூடக் கிடையாது. ஆற்றல் இழந்தவர் என மதிப்பிடப்பட்டவரின் சொத்தை அதே அலுவலகம் பொறுப்பேற்க நேரலாம். குடும்பத்தினர் விண்ணப்பித்தோ நீதிமன்றத்தை நாடியோ அதனைத் திரும்பப் பெறவேண்டிவரும்.

அறளை பெயர்ந்துவிட்டது என்று சொல்லிப் பேசாமல் இருந்துவிடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மறதிநோய் தொடங்கிவிட்டது என்பதாலேயே ஒருவர் தத்துவம் எழுதும் உரிமையை இழந்துவிடுவதில்லை. தன் சொத்துக்களைத் தானே நிர்வகிக்க முடியாத ஒருவரும், தன்னிடம் என்ன இருக்கிறது, யாருக்கு அதிகாரம் கொடுக்கிறேன், அவர் அதைத் தவறாகப் பயன்படுத்தவும் கூடும் என்பவற்றை விளங்கிக்கொள்ளக்கூடியவராக இருந்தால், செல்லுபடியாகும் தத்துவத்தை எழுதலாம். நோயின் தொடக்க மாதங்கள் இதனால் மிகவும் பெறுமதியானவை. அந்த வேளையில் மொழிபெயர்ப்பவர் யார் என்பதும் முக்கியம். வீட்டையும் அதிகாரத்தையும் பெறப்போகும் மகனே தாய்க்கு ஆங்கிலப் பத்திரத்தை விளங்கப்படுத்துவது, அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், பின்னாளில் வழக்குக்கு வித்திடும். தொடர்பற்ற ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மணிநேரக் கட்டணம் கொடுப்பது அதைவிட மலிவானது.

குறுக்குவழியாகப் பலர் செய்வது, வங்கிக் கணக்கில் மூத்த பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுவது. கனடிய உச்ச நீதிமன்றம் 2007 ஆம் ஆண்டு பெக்கோர் வழக்கில், வளர்ந்த பிள்ளையின் பெயரில் பெற்றோர் கைம்மாறின்றி மாற்றிய சொத்து அன்பளிப்பு எனத் தானாகக் கொள்ளப்படாது என்று தீர்த்தது. கொடுத்தவரின் எண்ணம் வேறு என நிறுவப்படாவிடின், அப்பணம் மரணத்தின்பின் அவருடைய சொத்துத் தொகுதிக்கே திரும்பும். பெயர் சேர்த்த தாயின் மனத்தில் என்ன இருந்தது என்பதை அவர் மறைந்தபின் மூன்று பிள்ளைகளும் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

இவை எல்லாவற்றிலும் கனதியானது மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை உடைய பெற்றோரின் நிலை. கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் அப்பிள்ளையை அழைத்துச் செல்லத் தயங்கிய குடும்பங்கள் உண்டு. "எங்களுக்குப் பிறகு ஆர் பார்ப்பினம்" என்ற கேள்வி அந்த வீடுகளில் உரத்துக் கேட்கப்படுவதில்லை. மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால், 2021 மார்ச் முதலாம் திகதிக்குப் பிந்திய மரணங்களுக்கு, சொத்தில் முதல் 350,000 டொலர் துணைவருக்குச் செல்லும்; எஞ்சியதில் பிள்ளைகளுக்குப் பங்குண்டு. மாற்றுத்திறன் கொண்ட மகனுக்கும் அப்பங்கு நேரடியாகவே சேரும். அங்குதான் சிக்கல் தொடங்குகிறது. ஓ.டி.எஸ்.பி எனப்படும் ஒன்ராறியோ உதவித்திட்டத்தில் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய சொத்தின் எல்லை 2017 முதல் 40,000 டொலராக உள்ளது. பங்காகக் கிடைத்த பணம் அந்த எல்லையைத் தாண்டினால் மாதாந்தக் கொடுப்பனவு நிறுத்தப்படலாம். அதனுடன் இணைந்த மருந்து, பல் மருத்துவ உதவிகளும் கேள்விக்குள்ளாகும். தந்தை விட்டுச்சென்ற பணம் கரையும்வரை மகன் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கான வழியை ஒரு தந்தையே திறந்துவைத்தார். குவெல்ஃப் நகரைச் சேர்ந்த லெனாட் ஹென்சன், தன் மகளுக்குரிய பணத்தை அவர் கையில் கொடுக்காமல், நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதை முற்றிலும் அப்பொறுப்பாளரின் தற்றுணிபுக்கே விட்டு மரணசாசனம் எழுதியிருந்தார். அப்பணமும் மகளின் சொத்தே என்று மாகாண அமைச்சு வாதிட்டது. கேட்டுப் பெறும் உரிமை மகளுக்கு இல்லாத பணம் அவருடைய சொத்தாகாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1989 இல் அதனை உறுதிசெய்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், வன்கூவர் வீட்டுவசதி நிறுவனம் ஒன்று தொடர்பான வழக்கில், இத்தகைய நம்பிக்கைப் பொறுப்பில் பயனாளிக்குள்ள நலனைச் சொத்தாகக் கணிக்க முடியாது என்ற அதே நோக்கையே எடுத்தது. "ஹென்சன் டிரஸ்ட்" என்ற பெயர் இன்று சட்டத்தரணிகள் யாவரும் அறிந்தது. அதனை எழுதும் வாசகங்களில் ஒரு சொல் பிசகினாலும் பாதுகாப்பு கெட்டுவிடும் என்பதால், இதற்குப் பழக்கமுள்ள சட்டத்தரணியை நாடுவதே தகும். மரணசாசனத்துக்கு இருக்கும் கையெழுத்துப் பிரதி வசதியும் இணையப் படிவமும் இங்கு போதா.

பொறுப்பாளராக யாரை வைப்பது என்பதில் தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் சகோதரனையோ சகோதரியையோ நினைக்கின்றனர். அதில் பிழையில்லை. ஆனால் பயனாளி மறைந்தபின் எஞ்சும் பணம் அதே சகோதரனுக்கே சேரும் என எழுதப்பட்டால், குறைவாகச் செலவழிப்பது அவருக்கே இலாபமாகிவிடும். இன்னொருவரை இணைப் பொறுப்பாளராக வைப்பது நல்லது. "தம்பியின் பங்கையும் உன் பெயரில் எழுதுகிறோம், நீ பார்த்துக்கொள்" என்ற வாய்மொழி ஏற்பாடு எல்லாவற்றிலும் ஆபத்தானது. அண்ணனின் மணமுறிவிலோ கடன் முறிவிலோ அகால மரணத்திலோ தம்பியின் பங்கு கரைந்துபோகும்.

பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே தொடங்கக்கூடியது 2008 டிசம்பரில் அறிமுகமான ஆர்.டி.எஸ்.பி சேமிப்புத் திட்டம். மாற்றுத்திறன் வரிச்சலுகைக்கு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. வாழ்நாளில் 200,000 டொலர்வரை இடலாம். அரசு மானியமாக 70,000 டொலர்வரை சேர்க்கும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரு டொலர்கூட இடாமலே 20,000 டொலர்வரை கொடுப்பனவு கிடைக்கும். இக்கணக்கு ஓ.டி.எஸ்.பி சொத்து எல்லையில் சேராது. பயனாளிக்கு 49 வயதாகும் ஆண்டுடன் மானியங்கள் நின்றுவிடும் என்பதால் காலம் தாழ்த்தல் நட்டமே.

ஊர்க் காணிகளைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்திலுள்ள நிலத்துக்கு இலங்கைச் சட்டமே செல்லும். முதுசம், தேடியதேட்டம் என்ற தேசவழமை வேறுபாடும் அதில் அடங்கும். ஒன்ராறியோவில் ஒருவர் தம் கையெழுத்திலேயே எழுதிக் கையொப்பமிட்ட மரணசாசனம் சாட்சியின்றியும் செல்லும். இலங்கையின் 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ நொத்தாரிசுவுடன் இரு சாட்சிகளை, அல்லது நொத்தாரிசு இன்றேல் ஐந்து சாட்சிகளைக் கேட்கிறது. ஊரிலுள்ள ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுத்த தத்துவம், கொடுத்தவர் இறந்த கணத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னர் அதைக் காட்டி எழுதப்படும் உறுதி, வாங்குபவருக்கும் வாரிசுகளுக்கும் வழக்கையே கொண்டுவரும்.

தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச்சங்கங்களும் கோயில்களும் தேவாலயங்களும் ஆண்டுவிழாவுக்கு மண்டபம் எடுக்கத் தெரிந்தவை. அதே மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இரு சட்டத்தரணிகளையும் குடும்பத்துடன் தொடர்பற்ற சில மொழிபெயர்ப்பாளர்களையும் சாட்சிகளாக நிற்கச் சம்மதிக்கும் சில தொண்டர்களையும் அமர்த்தினால், முப்பது முதியவர்கள் தத்துவங்களுடன் வீடு திரும்பலாம். அவர்களை வாகனத்தில் ஏற்றி வருவதும், மூலப்பிரதி எந்த அலுமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று குறித்துவைப்பதும் இளையோரின் பங்கு.