மரபு எந்த ஆண்டின் ஜெர்சியில் இருக்கிறது?

ரவாங் முதல் கிள்ளான் வரை சிலாங்கூர் காற்பந்து ரசிகர்கள் பலரின் வாதம் இது: பழைய ஜெர்சியின் வடிவமே அணியின் மரபு, அதை ஆண்டுதோறும் மாற்றுவது அம்மரபைச் சிதைப்பது. மூன்று காரணங்களால் இவ்வாதம் நிற்காது.

முதலாவதாக, சிவப்பும் மஞ்சளும் எந்தத் தையல்காரரும் தந்தவையல்ல. அவை மாநிலக் கொடியின் நிறங்கள் ஆதலால், கழுத்துப்பட்டை போனாலும் கோடுகள் இடம் மாறினாலும் அவை நிலைக்கின்றன.

இரண்டாவதாக, பழையது என்றால் எந்த ஆண்டு? 1922இல் மலாயாக் கிண்ணத்தை வென்ற அணியின் சட்டையை யாரும் கேட்பதில்லை. அவரவர் பள்ளிக் காலத்துச் சட்டையே அவரவருக்கு மரபாகிவிடுகிறது. 1990களில் மலேசிய லீக்குக்குப் பணம் தந்தது டன்ஹில் என்ற சிகரெட் நிறுவனம். அக்காலத்தை அப்படியே மீட்கச் சொல்பவர்கள் அதையும் சேர்த்தா கேட்கின்றனர்?

மூன்றாவது எளிது. கோல் காவலர் மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து வேறுபட்ட நிறம் அணிய வேண்டும் என்பது ஆட்ட விதி. அதன்படி சக வீரர்களின் நிறத்தை அணியாமலே கம்பங்களுக்கிடையே நின்றவர்தான், ‘ஸ்பைடர்மேன்’ என்று கொண்டாடப்பட்டு 1988இல் சாலை விபத்தில் மறைந்த ஆர். ஆறுமுகம். சிலாங்கூரின் மரபில் அவருக்கு இடமில்லை என்பவர் யார்?

பழைய வடிவத்தை மீட்டாலும் விற்பனை நிற்பதில்லை. ஆஸ்திரேலிய ரக்பி லீக் கழகங்கள் பழைய வடிவத்தைச் சில ஆட்டங்களுக்கு மட்டும் அணிந்து, அதைத் தனியே விற்கின்றன. ஆக, ‘மரபுச் சட்டை’யும் ஒரு புதுச் சரக்கே, அதற்கும் ரசிகர்தான் பணம் கட்டுகிறார்.