கங்காணிக் குரல்

இரவு எட்டு மணிக்குமேல் நமது தோட்டத்து வீடுகளின் பக்கம் நடந்தால் இப்போதெல்லாம் ஒரு குரல் கேட்கிறது. யாரோ யாரையோ ஏசுகிறார், புருஷன் பெண்சாதி சண்டையோ என்று எட்டிப் பார்த்தால், சண்டை வீட்டில் இல்லை, கைத்தொலைபேசியில்! இந்தியத் தொலைக்காட்சியின் அரசியல் விவாதமாம். கத்துகிறவர் திரு. அர்னாப் கோஸ்வாமி. அவர் பேசுவது ஆங்கிலமும் இந்தியும். பார்த்துக்கொண்டிருந்த தோழருக்கு இரண்டுமே அவ்வளவாக வராது. "என்ன அண்ணே சொல்கிறார்?" என்றோம். "என்ன சொல்றாரோ தெரியலீங்க ஐயா. ஆனா நல்லா கேக்குறாரு!" என்றார்.

'நல்லா கேக்குறாரு' என்ற அந்தச் சொல்தான் இதை எழுத வைத்தது.

யார் இந்தக் கோஸ்வாமி? 2006ல் டைம்ஸ் நௌ தொலைக்காட்சிக்குத் தலைமை ஆசிரியராக வந்தவர். பத்து ஆண்டுகள் அங்கே இருந்து புகழ் தேடிக்கொண்டு, 2016ல் விலகி, 2017 மே 6ல் ரிப்பப்ளிக் தொலைக்காட்சியைத் தொடங்கினார். அவருடைய விவாதத்தை ஒரு நாள் பார்த்தவர் எல்லா நாளும் பார்த்தவரே. சதுரம் சதுரமாக எட்டுப் பத்து முகங்கள். அவற்றில் ஒன்று திட்டு வாங்குவதற்கென்றே அழைக்கப்பட்ட முகம். கேள்வி பாயும், பதிலில் பாதிச் சொல் வருவதற்குள் அடுத்த கேள்வி பாயும். "தேசம் அறிய விரும்புகிறது!" என்று முழங்குவார். ஆனால் அறிவதற்கு வேண்டிய பதிலைத்தான் அவர் விடுவதில்லை.

தமிழில் 'கேட்பது' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வினவுவதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான். முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை விட்டவரை 'நல்லா கேக்குறாரு' என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குரல் நமக்குப் புதிதா, தோழர்களே? நம் தாத்தாமார் பெரட்டுக்களத்தில் கேட்ட குரல் அல்லவா இது! "ஏன் நேற்று வரவில்லை?" என்று கங்காணி கேட்பான். "பிள்ளைக்குக் காய்ச்சல்..." என்று வாய் திறந்தால், "வாயை மூடு!" என்பான். கேட்டதும் அவனே, அடைத்ததும் அவனே. லயத்தில் புலியாக இருந்த அதே கங்காணி துரை பங்களா வாசலில் பூனையாக நின்றதையும் நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, ஒருவன் எவ்வளவு உரக்கக் கத்துகிறான் என்று பார்க்காதீர்கள். எந்தத் திசை பார்த்துக் கத்துகிறான் என்று பாருங்கள்.

2016 ஜூன் மாதத்தில் பிரதமர் நரேந்திர மோடியை இவர் பேட்டி கண்டார். அன்று அந்தச் சிங்கக் குரல் எங்கே போயிற்று? எவ்வளவு பணிவு, எவ்வளவு பொறுமை! 2020ல் நடந்ததையும் பாருங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு 31ல், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் இந்தியப் பொருளாதாரம் 23.9 விழுக்காடு சுருங்கியதாக அந்நாட்டு அரசாங்கமே அறிவித்தது. கோடிக்கணக்கான கூலிகளின் அடுப்பு அணைந்திருந்த காலம் அது. ஆனால் இரவுக்கு இரவு இவர் கத்தியது, ஜூன் 14ல் மறைந்த நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் சாவைப் பற்றி. குற்றவாளியைத் தாமே முடிவு செய்துகொண்டு கத்தினார். அந்த ஒளிபரப்புகள் நீதியின் போக்கில் தலையிடுவனவாக, மேல்நோக்கில் நீதிமன்ற அவமதிப்பாகவே தெரிகின்றன என்று ரிப்பப்ளிக், டைம்ஸ் நௌ இரண்டையும் 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் குறை சொல்லிற்று.

வெறும் வேடிக்கைதானே என்பார்கள் சிலர். அவருடைய இந்தி விவாதம் ஒன்று 2019 செப்டம்பரில் பிரிட்டனிலும் ஒளிபரப்பாயிற்று. பாகிஸ்தான் மக்களை வெறுக்கத்தூண்டும் பேச்சு அதில் இருந்ததென்று அந்நாட்டு ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு 2020 டிசம்பரில் 20,000 பவுன் அபராதம் விதித்தது. ஓர் ஆளை ஏசத் தொடங்கும் வாய், ஓர் இனத்தையே ஏசுவதில் போய் முடிகிறது. மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒரே கடையில் தேநீர் குடிக்கும் மலாக்காவில் இதை வேடிக்கை என்று ஒதுக்க முடியுமா?

அவருக்குரிய நியாயத்தையும் சொல்லிவிடுவோம். 2014 ஜனவரியில் ராகுல் காந்தியை அவர் பேட்டி கண்டது இன்றும் பேசப்படுகிறது. ஏன்? கேள்வியை விடாமல் கேட்டார். எதிரே இருந்தவரையும் பேச விட்டார். பேச விட்டதால்தான் பதில் எவ்வளவு என்று நாடு அளந்து பார்த்தது. அடக்கிக் கேட்ட அன்றுதான் அவர் கேள்விக்குக் கூர் இருந்தது.

இந்தியாவில் நடப்பதைப் பற்றி நமக்கேன் கவலை? கவலை, அது நம் கூட்டத்துக்குள் வந்துவிட்டதால்தான்.

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அண்மையில் கிளைக் கூட்டம் நடந்தது. வயதான பால்மரத் தொழிலாளி அம்மா ஒருவர் மூன்று மாதச் சம்பளச் சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "தம்பி, அந்த லீவு நாளு..." என்று தொடங்கினார். அதற்குள் ஓர் இளைஞர் எழுந்து, "இத்தனை நாள் கமிட்டி என்ன செய்தது? பதில் வேண்டும்!" என்று முழங்கினார். அதே கை நீட்டல், அதே மேசைத் தட்டல். கூட்டம் கைதட்டியது. உள்ளதைச் சொல்கிறோம், நாமும் தட்டினோம். அம்மா உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்திற்கு அவர் வரவேயில்லை.

பிறகு வீடு தேடிப் போய்ச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பொது விடுமுறை நாளில் மரம் சீவியதற்கு இரட்டைக் கூலி போடப்படவில்லை. அவருக்கு மட்டுமல்ல, அன்று வேலைக்கு வந்த எல்லாருக்குமே! சீட்டுகளை நிர்வாகத்தின் மேசையில் வரிசையாக வைத்தோம். யாரும் கத்தவில்லை. பணம் வந்தது. அந்த அம்மாவை அன்றே பேசவிட்டிருந்தால் ஒரு மாதம் முன்னதாகவே வந்திருக்கும்.

தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 2013ல் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. இது ஓர் இரவுக் கூச்சலில் வந்ததா? ஆண்டுக்கணக்கில் தொழிலாளி சொன்னதைக் கேட்டு, கணக்கெழுதி, மனுக் கொடுத்து, மேசையில் உட்கார்ந்து வாதாடி வந்தது.

இளைஞர்களே! உங்கள் கோபம் சங்கத்திற்கு வேண்டும்; அது இல்லாத சங்கம் செத்த சங்கம். ஆனால் அந்தக் கோபத்தைப் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் மேல் செலவழிக்காதீர்கள். நிர்வாகத்தின் முன்னால், ஆதாரத்தோடு, அதைச் செலவழியுங்கள். அடுத்த கூட்டத்தில் மெல்லிய குரலில் யாரேனும் எழுந்து நின்றால், கைதட்டலை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம்.

கங்காணிக் குரலை நம் பெரியவர்கள் பாடுபட்டுத் தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள். கைத்தொலைபேசி வழியாக நாமே அதை மீண்டும் வீட்டுக்குள் அழைக்க வேண்டுமா?