வயிற்றுப் புற்றுநோயும் சேரித் தண்ணீரும்

வயிற்றுப் புற்றுநோய் வந்தவருக்கு ஊர் சொல்லும் காரணம் மூன்று: தலைவிதி, குடி, கண்டதைத் தின்றது. ஆய்வு சொல்வது வேறு. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினர். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

புகையிலை, மது, அதிக உப்பு ஆகியவற்றுக்குப் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. தொற்றுள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வருவதுமில்லை. ஆனால் இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. நெருக்கடியான வீடு, கழிப்பறையின்மை, அசுத்தமான தண்ணீர் ஆகியவை அதற்கு வழிவிடுகின்றன. எந்தக் குழந்தையும் இவற்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்றிருக்கும் நாட்டில் சாதிதான் தேர்ந்தெடுக்கிறது. 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் நிலைநாட்டிய தண்ணீர் உரிமை என்னவானது? 2022இல் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள்.

தென்கொரியாவில் 40 வயதானவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசே இரைப்பைப் பரிசோதனை செய்கிறது. அங்கு நோய் கண்டவர்களில் 10க்கு 7 பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள். இங்கோ கூலித் தொழிலாளி வலியை 'கேஸ்' என்று மாத்திரையில் கடத்துகிறார். சோறு இறங்காதபோதுதான் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார்.

நான் கேட்பவை மூன்று: சேரிக்குப் பாதுகாப்பான குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இக்கிருமிக்கான பரிசோதனையும் மருந்தும், புற்றுநோய் ஆய்வுகளில் சாதிவாரிக் கணக்கு. கணக்கில் வராத சாவுக்கு எந்த அரசும் பதில் சொன்னதில்லை.